ரிப்போர்ட்டில் தசை இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான சிஸ்டோஸ்கோபியும் (பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) கட்டியைச் சுரண்டி எடுத்ததும் சொன்ன தேதியில் முடிந்தன. இழுத்தடித்தது பயாப்ஸி ரிப்போர்ட்தான். "டி1, ஹை கிரேடு" என்று மேலே இருந்தது. டி1 என்பது ஸ்டேஜ்: கட்டி பையின் உள் படலத்தைத் தாண்டியிருக்கிறது, தசையை எட்டவில்லை. ஹை கிரேடு என்றால் வேகமாக வளரக்கூடிய ரகம். கீழே பொடி எழுத்தில், மாதிரியில் டெட்ரூசர் தசை இல்லை என்று ஒரு வரி. கவுண்டரில் கேட்டால், "டாக்டர்கிட்ட கேளுங்க" என்பதோடு சரி.

டெட்ரூசர் என்பது சிறுநீர்ப்பைச் சுவரின் தசை. கட்டி அதற்குள் இறங்கியிருந்தால் டி2. அப்புறம் வைத்தியமே வேறு: பையை எடுப்பது, அல்லது கீமோவோடு கதிர்வீச்சு. எடுத்த துண்டில் தசையே வரவில்லை என்றால், இறங்கவில்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி சுரண்டச் சொல்கிறார்கள். டி1 என்றால் தசை வந்திருந்தாலும் பெரும்பாலும் செய்வார்கள். கட்டி திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம்.

செகண்ட் ஒப்பீனியனுக்கு ஜெராக்ஸோடு போனதில் ஒரு நாள் வீண். ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டு) வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய லேபில் எழுதிக் கொடுத்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஆபரேஷன் குறிப்பையும் விடாதீர்கள். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, முழுசாக எடுத்தாயிற்றா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

இணையத்தில் நோயின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால், மேலோட்டமான கட்டியும் பரவியதும் ஒரே குவியலாக வந்து தூக்கத்தைக் கெடுக்கும். ஸ்டேஜ், கிரேடு இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், கேன்சர் ரிசர்ச் யூகே, ஐரோப்பிய யூராலஜி சங்கம் ஆகியவை நோயாளிகளுக்கென்றே எழுதிய பக்கங்கள் போதும். புதுப்பித்த தேதி இல்லாமல், கடைசியில் மருந்து விற்கும் பக்கமா? அப்படியே மூடிவிடுங்கள்.

அடுத்தது பிசிஜி: கட்டி திரும்பாமலிருக்கச் சிறுநீர்ப்பைக்குள் விடும் மருந்து, காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே வலுவிழந்த கிருமி. முதல் சுற்று வாரம் ஒன்றாக 6 முறை. சிறுநீரில் தொற்றோ கண்ணுக்குத் தெரியும் ரத்தமோ இருந்தால் அன்று போட மாட்டார்கள், போடவும் கூடாது. கிளம்பும் முன்பே எரிச்சல், ரத்தம் இருந்தால் போனில் சொல்லிவிட்டால் ஒரு அலைச்சல் மிச்சம். மருந்து 2 மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும் என்பதால் முன்னதாகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு 6 மணி நேரம் சிறுநீர் உட்கார்ந்தேதான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் டாய்லெட்டில் பிளீச் ஊற்றி, 15 நிமிடம் விட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். ஓரிரு நாள் எரிச்சல் சகஜம். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அடுத்த டோஸ் வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். போனை யார் எடுத்தாலும் "பிசிஜி போட்டிருக்கு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பிசிஜி கிருமி பரவியிருந்தால் காசநோய் மருந்துதான் தேவைப்படும், சாதாரண காய்ச்சல் மாத்திரைக்கு அது அடங்காது.