எட்டால் வகுப்பதற்கு முன்

தண்டையார்பேட்டையில் நான் பணியாற்றிய கணினி மையம், துறைமுகத்தின் வழியாக வந்துபோகும் சரக்குகளின் ஆவணங்களைச் சேமித்து வைத்திருந்தது. அவற்றின் நகல் ஒவ்வோர் இரவும் 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் மும்பைக்குப் போய்ச் சேர வேண்டும். லைனை வாடகைக்குத் தந்தவர்கள் வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்று பேசினார்கள். ஸ்டோரேஜைக் கவனித்தவர்கள் மெகாபைட்டில் பேசினார்கள். ஒரு பைட் என்பது எட்டு பிட் என்பதால், இரண்டையும் இணைக்க எட்டால் வகுத்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். வகுப்பது சரிதான், ஆனால் எதை வகுக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு, கடைசியில்தான் வகுக்க வேண்டும் என்பது அங்கே இருந்த காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

எங்களிடம் இருந்தது எஸ்டிஎம்-1 என்ற வகைத் தொலைத்தொடர்பு லைன். அதன் வேகம் வினாடிக்கு 155.52 மெகாபிட். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். தொலைபேசிக் குரலை வினாடிக்கு 8,000 முறை மாதிரி எடுப்பது பழைய வழக்கம். ஒரு மாதிரிக்கு 8 பிட் என்பதால் ஒரு குரலுக்கு 64 கிலோபிட், அப்படி 32 இடங்கள் சேர்ந்தால் இ-1 என்ற பழைய தொலைபேசி லைனின் 2.048 மெகாபிட். அந்த 8,000 இங்கும் தொடர்கிறது. எஸ்டிஎம்-1 லைன் பைட்டுகளைச் சட்டகம் (ஃப்ரேம்) என்ற கட்டங்களாக அடுக்கி அனுப்புகிறது; சட்டகம் ஒவ்வொன்றும் 9 வரிசை, 270 பத்தி, ஆக 2,430 பைட். வினாடிக்கு 8,000 சட்டகம் போகிறது. பெருக்கினால் 19.44 மெகாபைட். ஆனால் அந்த 270 பத்திகளில் 10 பத்திகள் லைன் தன் நிர்வாகத்துக்காக வைத்துக்கொள்பவை. மீதமுள்ள 260 பத்திகளில் நமக்குக் கிடைப்பது 18.72 மெகாபைட் மட்டுமே. மண்ணடி கிளியரிங் அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கச் சிரமமே இல்லை: ஒப்பந்தத்தில் இருப்பது கன்டெய்னரோடு சேர்ந்த கிராஸ் வெயிட், நாம் அனுப்புவது நெட் வெயிட்.

அந்த 18.72-க்குள்ளும், ஒவ்வொரு பாக்கெட்டிலும் முகவரி போன்ற விவரங்களைச் சுமக்கும் ஐபி, டிசிபி தலைப்புகளும் அவற்றைச் சுற்றிய உறையும் இடம் பிடிக்கும். 1,500 பைட் பாக்கெட்டுகளாக அனுப்பினால் கோப்புக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 18 மெகாபைட்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த வியாசர்பாடி இளைஞர் ஒருவர், "சார், லைன் 155-னு சொல்றாங்க, எட்டால வகுத்தா 19-க்கு மேல வரணும். ஸ்கிரீன்ல 17-தான் காட்டுது. லைன்காரங்க ஏமாத்துறாங்களா?" என்று கேட்டார். ஏமாற்று எதுவும் இல்லை. லைன்காரர்களுக்கு மெகா என்பது பத்து லட்சம். எங்கள் பேக்கப் மென்பொருளுக்கோ அது 1,024-ஐ 1,024-ஆல் பெருக்கிய 10,48,576. 18-ஐ அந்த அளவுகோலில் போட்டால் 17.2. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1998-இல் மெபிபைட், கிபிபைட் என்று தனிப் பெயர்கள் வகுக்கப்பட்டன. ஆனால் பல மென்பொருள்கள் இன்றும் பழைய பெயரையே காட்டுகின்றன, அது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம்.

சிறிய வேறுபாடுதானே என்று விட முடியாது. ஸ்டோரேஜ் 500 ஜிகாபைட் என்று காட்டும் நகல் 50,000 கோடி பைட் அல்ல, 53,687 கோடி பைட். 155.52-ஐ நேரே எட்டால் வகுத்து, 500-ஐப் பத்தின் மடங்காகவே எடுத்துக்கொண்டால் 7 மணி 9 நிமிடத்தில் வேலை முடிய வேண்டும். உண்மையான பைட்டுகளை 18 மெகாபைட் வேகத்தில் அனுப்பினால் எட்டேகால் மணி நேரத்துக்கும் சற்று மேலே ஆகிறது. முதல் கணக்கு இரவுக்குள் அடங்குகிறது, இரண்டாவது அடங்கவில்லை.

பழைய கைகள் சிலர் எட்டுக்குப் பதில் பத்தால் வகுப்பார்கள். அதற்கும் காரணம் உண்டு: மோடம் காலத்தில் எட்டு பிட் கொண்ட ஓர் எழுத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பிட் சேர்ந்து பத்து பிட் போனது, பின்னர் ஸ்டோரேஜை இணைக்கும் ஃபைபர் சேனலிலும் எட்டு பிட்டைப் பத்தாக மாற்றி அனுப்பும் முறை இருந்ததால் 1.0625 கிகாபாட் லைனை, அதாவது கம்பியில் வினாடிக்கு 106.25 கோடி பிட் போகும் லைனை, 100 மெகாபைட் என்றே அழைத்தார்கள். ஃபைபர் சேனலின் 16 கிகா தலைமுறையில் 64 பிட்டை 66-ஆக மாற்றி அனுப்பும் முறை வந்தபிறகு அந்தக் குறுக்குவழி அங்கே பொருந்தாது.

இவ்வளவையும் கழித்த பிறகும் வேகம் வராமல் போவதுண்டு, அப்போது குற்றம் அலகில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. மும்பைக்குச் சென்று திரும்ப 30 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். பதில் வருவதற்குள் 64 கிலோபைட்டுக்கு மேல் அனுப்பாத பழைய டிசிபி அமைப்பில், லைன் எத்தனை அகலமாக இருந்தாலும் ஓர் இணைப்புக்கு வினாடிக்கு 2.2 மெகாபைட்டைத் தாண்டாது. பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய இந்த அளவுக்கு ஜன்னல் (விண்டோ) என்று பெயர்; 18 மெகாபைட் ஓட 540 கிலோபைட் ஜன்னல் வேண்டும். அதற்கான விரிவாக்கம் 1992-இலேயே தரமாக எழுதப்பட்டுவிட்டது. இரு முனைகளிலும் அது இயங்குகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

இப்போது 1 கிகாபிட் ஈதர்நெட் லைன் சாதாரணமாகிவிட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை: ஒரு பாக்கெட்டுக்காகக் கம்பியில் செலவாகும் 1,538 பைட்டில் கோப்புக்கு 1,460, ஆகவே வினாடிக்கு 118.7 மெகாபைட், பேக்கப் திரையின் அளவில் 113. அதற்கு மேல் யாராவது காட்டினால், வழியில் தரவைச் சுருக்கி அனுப்பும் கம்ப்ரெஷன் இயங்குகிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.