ஸ்ட்ரைக்குக்குப் போன கதை

கனடா வந்து எட்டாவது மாதம். மிசிசாகாவில் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல்: சனிக்கிழமை நாடகத்தின் கடைசிக் காட்சி முடிந்ததும் ஸ்ட்ரைக், பெற்றோரும் வரலாம், டிரில் மெஷின் இருந்தால் எடுத்து வரவும். 2020-இல் எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்த கதையை அலுவலகத்தில் கேட்டிருந்தேன். சரி, மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். ஆனால் டிரில் எதற்கு? மகள் சிரித்து ஓய்ந்தபிறகு சொன்னாள்: நாடகக்காரர்கள் பாஷையில் ஸ்ட்ரைக் என்றால் செட்டைப் பிரிப்பது.

அவளுக்கு இதில் ஒரு கணக்கும் உண்டு. இங்கே பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழ் வாங்க 40 மணி நேரம் சமூகப் பணி செய்திருக்க வேண்டும். இந்த ராத்திரியையும் அதில் எழுதிக்கொள்ளலாமாம்.

ஊரில் ஆண்டுவிழா முடிந்தால் நாம் கிளம்பிவிடுவோம். பந்தலையும் மேடையையும் யார் பிரிக்கிறார்கள் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இங்கே கைதட்டல் அடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கதாநாயகி மேக்கப்பைக்கூட முழுசாகத் துடைக்காமல் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஒரு பல் டாக்டர் குறடால் ஸ்டேபிள் பின்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தொழில் பழக்கம், ஒன்றுகூட உடையவில்லை.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவரோடு பெருமையாகப் போயிருந்தேன். அது எந்தத் திருகிலும் நுழையவில்லை. எல்லாவற்றிலும் சதுரக் குழி! பக்கத்தில் நின்ற பெரியவர் சிவப்புப் பிடி போட்ட ஒன்றை நீட்டினார். ராபர்ட்சன் திருகாம். 1908-இல் ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் கண்டுபிடித்து, பக்கத்து ஊரான மில்டனில் ஆலை வைத்துச் செய்தது. பிடியின் நிறம்தான் அளவு: பச்சை சின்னது, சிவப்பு அதற்கு அடுத்தது, கறுப்பு இன்னும் பெரியது. முனையில் திருகைச் செருகினால் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு கையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கழற்றலாம். இப்படி ஒன்று நம் ஊருக்கு ஏன் வரவில்லை என்று இன்னும் எனக்கு ஆதங்கம்தான்.

அந்த உற்சாகத்தில், செட்டில் சுவராக நின்ற ஒரு தட்டியின் முட்டுக்கட்டையை, எதிர்ப்பக்கம் ஆள் பிடித்திருக்கிறாரா என்று பார்க்காமலே கழற்றிவிட்டேன். பத்தடித் தட்டி மெல்லச் சாய்ந்தது. "ஹெட்ஸ்!" என்று ஒரு பெண் கத்தினாள். ஏதோ விழுகிறது, தலை பத்திரம் என்று அர்த்தமாம். எல்லோரும் விலகி ஓட, நான் மட்டும் அண்ணாந்து பார்த்தேன். நல்லவேளை, அகலமான தட்டி காற்றை வாங்கிக்கொண்டு ஆடி அசைந்துதான் இறங்கியது. யாரும் திட்டவில்லை. அந்தப் பெண் மட்டும் அதன்பிறகு என் பக்கத்தைவிட்டு நகரவில்லை, பதினாறு வயது மேஸ்திரி.

விழுந்த தட்டியைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கக் கையெழுத்துகள். முன்பக்கத்தில் வருஷா வருஷம் புதுப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள், பின்பக்கத்தைத் தொடுவதில்லை. மகளும் ஒரு மூலையில் தன் பெயரைத் தமிழில் எழுதிவைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மேடை வெறும் பலகைத் தரை. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"இதுக்கெல்லாம் ஆள் வைக்க மாட்டாங்களா? சரி, கூலி எவ்வளவு குடுத்தாங்க?"

"ரெண்டு துண்டு பீட்ஸாம்மா. அதுவும் ஆறிப்போனது."