தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து இறங்கியவர்

இன்று காலை பார்த்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்துணுக்கில், வாலைத் தரையில் ஊன்றி மூக்கை வானத்துக்கு நீட்டி நின்ற விமானமொன்றில் ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தார் விமானி.

கான்வேர் நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்த எக்ஸ்.எஃப்.ஒய்-1 'போகோ' அது.

ஓடுபாதையே இல்லாத சிறு கப்பல்களின் தளத்திலிருந்தும் போர்விமானம் நேராக மேலெழ வேண்டும் என்பது கடற்படையின் ஆசை. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு விசிறிகளின் இழுப்பில் செங்குத்தாக ஏறி, காற்றில் படுத்து மற்ற விமானங்களைப்போல் பறந்து, மீண்டும் நிமிர்ந்து வாலில் இறங்க வேண்டும். 1954 நவம்பரில் சோதனை விமானி ஸ்கீட்ஸ் கோல்மன் அதை முழுமையாகச் செய்தும் காட்டினார்.

ஏறுவதில் அவ்வளவு சிக்கலில்லை.

இறங்கும்போதுதான், வானத்தைப் பார்த்து மல்லாந்த நிலையில், தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பித் தரையைத் தேடியபடி, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம் என்பதை ஏறக்குறைய உத்தேசமாகவே கணித்து, அவர் விசையைக் குறைக்க வேண்டியிருந்தது. இருக்கை சாய்ந்து கொடுத்தது. கழுத்துக்குத்தான் மாற்று வழி இல்லை.

அந்தத் தலைத்திருப்பலை நான் நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன்.

போட்டியாக லாக்ஹீட் செய்த எக்ஸ்.எஃப்.வி தரையிலிருந்து ஒருமுறைகூட நேராக எழவில்லை; தற்காலிகச் சக்கரங்களைப் பொருத்தி, ஓடுபாதையில் ஓடித்தான் பறந்தது. ஜெட் விமானங்களின் வேகமும் கூடிவிட, இரண்டுமே கைவிடப்பட்டன.

எந்திரத்தைவிட, அசாதாரண விமானி ஒருவரை ஒவ்வொரு கப்பலுக்கும் எங்கே தேடுவது என்ற கேள்வியே போகோவை வீழ்த்தியது என்று எனக்குத் தோன்றுகிறது.

எஞ்சிய ஒரே போகோ இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.