காயலான் கடை இரும்பில் ஓர் ஆலம்பாடிக் காளை

பழைய இரும்பில் ஆலம்பாடிக் காளையின் தலை ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். கொம்பு, முகம், காது, கண் முடிந்தன, கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடிதான் பாக்கி.

முதலில் கிடைத்தது கொம்பு. தர்மபுரியில் வழக்கமாகப் போகும் காயலான் கடையில் சைக்கிளின் முன் ஃபோர்க் ஒன்று தலைகீழாகச் சாய்ந்து கிடந்தது. இரண்டு கால்களும் நெருக்கமாகக் கிளம்பி, போகப் போக மெலிந்து, நுனியில் லேசாக வளைந்திருந்தன. ஆலம்பாடிக்கும் அப்படித்தான்; உச்சந்தலையில் கொம்புகள் பக்கத்துப் பக்கத்தில் முளைத்துப் பின்னால் சாயும். காங்கேயம் காளை செய்வதென்றால் அந்த ஃபோர்க் உதவியிருக்காது, அதற்குக் கொம்பு அகன்று விரியும். ஆலம்பாடி நம் தர்மபுரி மாவட்டத்து நாட்டு மாடு, காரிமங்கலம் பக்கம் அதற்கென ஓர் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. வேறு எதைச் செய்வது?

பிகாசோ 1942இல் சைக்கிள் சீட்டை முகமாகவும் ஹேண்டில்பாரைக் கொம்பாகவும் வைத்துக் காளைத்தலை செய்தார். அவருக்கு இரண்டு சாமான் போதும். எனக்கு ஒரு சாக்கு நிறைய வேண்டியிருக்கிறது!

முகத்துக்கு டிராக்டர் கலப்பையின் தேய்ந்த கொழுக்கள், அதாவது மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனைகள். நீளம், குறுகல், நடுவில் மெல்லிய வளைவு எல்லாம் தயாராகவே இருக்கின்றன. மண்ணில் தேய்ந்து முனை வழவழப்பாகிவிடுகிறது. "மாட்டை ஏர்ல இருந்து அவுத்து வுட்டதே டிராக்டருதான், அந்தக் கொழுவையே மாட்டுக்கு மூஞ்சியா வெக்கிறியாப்பா" என்றார் வெல்டிங் பட்டறை அண்ணன். ஆனால் கொழு சாதா இரும்பில்லை, கார்பன் அதிகம். அப்படியே வெல்ட் வைத்தால் ஆறும்போது ஓரத்தில் விரிசல் விழும். அண்ணன் முதலில் கேஸ் டார்ச்சில் சூடுபடுத்தி, சின்னச் சின்னதாக வெல்ட் வைத்து, உடனே சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடச் சொன்னார். தண்ணீர் ஊற்றவே கூடாது.

கண் பழைய பேரிங். அதுவும் வெல்டுக்கு ஒத்துவராத கெட்டி எஃகு என்பதால், வாஷரைக் கிண்ணம்போல் தட்டி அதற்குள் இறுக்கி உட்கார வைத்து, வாஷரை மட்டும் பற்றவைத்தேன். காது, கொத்தனாரின் தேய்ந்த கரண்டி. இதற்கு ஒரு வேலையும் இல்லை, பிடியை அறுத்தால் காது.

முலாம் பூசிய சாமான் வந்தால் தனியாக ஒதுக்கிவிடுங்கள். துத்தநாகம் பூசிய வாளி, பைப்பில் வெல்ட் வைத்தால் எழும் வெள்ளைப் புகை காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவரும். குரோம் பூச்சின் புகை அதைவிட மோசம். மூடிய ஷாக் அப்சார்பர், பெட்ரோல் டேங்க் இரண்டின் பக்கமும் நெருப்பே போகக் கூடாது.

இனி அலைதாடி. அதற்கு சைக்கிள் செயின். இரண்டு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் தானே தொய்ந்து மடிப்பு விழுகிறது, எந்தத் தகட்டை வளைத்தாலும் இந்தத் தொய்வு வராது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு கிரீஸை எடுத்து, நன்றாகக் காயவைத்து, கழுத்துக்கம்பியில் வரிசையாகக் கோத்து, மேல்கண்ணியை மட்டும் பற்றவைப்பதாக உத்தேசம். நிறத்துக்கு பெயிண்ட் இல்லை. சூடான இரும்பில் ஆளிவிதை எண்ணெய் தடவினால் ஆலம்பாடியின் கருமை வந்துவிடுகிறது, ஒரு துண்டில் பார்த்தாயிற்று. நெற்றி வெள்ளைக்கு அந்த இடத்தை மட்டும் கிரைண்டரில் தேய்த்து மெழுகு பூச வேண்டும்.

இன்னும் நாலைந்து செயின் சேர்க்கணும். துருப்பிடித்து இறுகியது ஆகாது, அது தொய்யாது.