கட்டுக்கு வாங்கும் பீஸ்

"அம்புட்டுக் காசு கொடுத்தும் அந்தம்மாவால பிள்ளையக் கூட்டிட்டுப் போக முடியலையா சார்?"

திருமங்கலத்துப் பாட்டி கேட்டது. தன் மகளுக்காகப் போடும் ஜி.டபிள்யூ.ஓ.பி.க்கு, அதாவது பிள்ளையைத் தன் பொறுப்பில் கேட்கும் மனுவுக்கு, பீஸ் பேசும்போது ஹாலிவுட் நடிகை ஹாலி பெர்ரியின் வழக்கை இழுத்தது நான்தான். பெர்ரி தன் மகளை பிரான்சுக்குக் கூட்டிப்போக 2012 நவம்பரில் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 2014இல் வந்த உத்தரவின்படி மாதம் 16,000 டாலர் பராமரிப்பும், தகப்பன் தரப்பு வக்கீல் பீஸ் 3 லட்சம் டாலரும் அவர் தலையில் விழுந்தன.

"அப்ப அந்தப் பீஸ் எதுக்கு சார்?"

"பீஸ் பிள்ளைக்கு இல்லம்மா. கேஸ் பேப்பர் கட்டுக்கு."

சொன்னது பொய் இல்லை. இந்த வழக்கில் மட்டும் வாட்ஸ்அப் அச்சு 212 பக்கம். முழுக்கப் படித்துத் தேதிவாரியாக அடுக்கினால் உதவுவது 9 பக்கம். அந்த 9க்கும் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63(4)இன்படி சான்றிதழ் வேண்டும். அ பகுதியில் கட்சிக்காரரும் ஆ பகுதியில் நிபுணரும் கையெழுத்திட்டு, ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணையும், காட்ட வேண்டும். இடையில் போனை மாற்றிவிட்டால் அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும் நாளில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்து எழுந்து நிற்கும். நடிகர், நடிகை வழக்கு என்றால் இதோடு கம்பெனிக் கணக்கு, பட ஒப்பந்தம், அதைப் பிரித்துப் படிக்கத் தனி ஆடிட்டர் எல்லாம் சேரும். அமெரிக்காவில் மணிக்கு இவ்வளவு என்று பில் போடுகிறார்கள். பேப்பர் பெருகப் பெருக பீஸும் பெருகும். அந்த உழைப்புக்குக் கூலி கேட்பதை என்னால் தப்பென்று சொல்ல முடியவில்லை.

ஆனால் அந்தப் பேப்பரில் பாதி, இரு பக்கமும் மாறி மாறிப் போட்ட ஐ.ஏ.க்களால், அதாவது இடைக்கால மனுக்களால், வந்தது. அதற்கும் பிள்ளைதான் காரணமா?

கலிபோர்னியா சட்டத்தில் ஒன்று எனக்குப் பிடிக்கும். வசதியுள்ளவர் மற்றவரின் வக்கீல் செலவையும் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இரு பக்கமும் சமமான வக்கீலோடு நிற்க வேண்டும் என்பதே நோக்கம். தொகை கண்ணை உறுத்தினாலும் அந்த ஏற்பாடு நியாயம். நம்மிடமும் இந்து திருமணச் சட்டம் 24ஆம் பிரிவில் வழக்குச் செலவு கேட்கலாம். தனியாகப் போட்ட ஜி.டபிள்யூ.ஓ.பி.யில் அந்தப் பிரிவு உதவாது. விவாகரத்து நிலுவையில் இருந்தால் அதிலேயே 26ஆம் பிரிவில் பிள்ளையைக் கேட்டு, கூடவே 24ஐயும் போடுவது நல்லது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊர் எது என்று மனு போடும் முன்பே பள்ளிச் சான்றிதழை வைத்துப் பார்த்துவிட வேண்டும். அதில் தவறினால் அதிகார வரம்புச் சண்டையிலேயே மாதங்கள் போய்விடும்.

"பிள்ளை கெடச்சதும் சேத்துக் குடுக்குறோம் சார்" என்றும் பாட்டி சொன்னார். அது கூடாது. வழக்கின் முடிவை வைத்து பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. சதவீதக் கணக்கில் பீஸ் கேட்பது சட்டவிரோதம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிள்ளை விஷயத்தில் இந்தத் தடை ரொம்பவே அவசியம். ஜெயித்தால்தான் காசு என்றிருந்தால், சமரச மையத்தில் விட்டுக்கொடுங்கள் என்று எந்த வக்கீல் சொல்வார்? இதையெல்லாம் பாட்டிக்கு விளக்கி, வாய்தாவுக்கு 3,000 என்று முடித்தோம்.

விளக்காமல் விட்டது ஒன்று. பெண்கள் வருமானக் கணக்கு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறலாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மாவட்ட ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். நம்மைத் தேடி வந்தவர்கள், அவர்கள் கேட்கவில்லை, நாமும் ஆபீஸ் நடத்த வேண்டும் என்று எனக்குச் சமாதானம் இருக்கிறது. பீஸ் பேசும் முன் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் என்பதும் தெரிகிறது. சொன்ன பிறகும் அவர்கள் என்னிடமே வந்திருக்கலாம்.

மூன்றாவது வாய்தாவில் நீதிபதி பிள்ளையைச் சேம்பருக்குள் அழைத்துத் தனியாகப் பேசினார். பத்து நிமிஷம் இருக்கும். இரு தரப்பு வக்கீல்களும் 212 பக்கக் கட்டோடு வெளியே நின்றோம். பாட்டி மடித்து வைத்திருந்த 500 ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தார், ஆறு. வாங்கி ரசீது போட்டேன்.