பந்து இல்லாத பக்கம்

கூடைப்பந்து வீடியோ கேமை டெஸ்ட் செய்யும் வேலை என்று சொன்னால், "நாள் முழுக்க கேம் ஆடச் சம்பளமா? கொடுத்து வச்சவர்" என்பார்கள். டங்க், அதாவது எகிறிப் பந்தைக் கூடைக்குள் அறையும் பகுதி கிடைத்தவர்களுக்கு அது ஓரளவு உண்மை. எனக்குக் கிடைத்தது டிஃபென்ஸ். யாரும் கேட்டு வாங்காத பகுதி அது. எதிராளி ஷாட் எடுப்பார், நான் தடுக்க வேண்டும். தடுத்தாலும் கோட்டை விட்டாலும் ஏன் அப்படி நடந்தது என்று எழுதித் தர வேண்டும்.

கம்ப்யூட்டரை நல்ல டிஃபென்டராக்குவதுதான் கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே வந்து பார்த்தால் தலைகீழ். நான் ஷாட் பொத்தானை அழுத்திய அதே ஃப்ரேமில் (திரையில் ஓடும் ஒற்றைப் படத்தில்) கேமின் புரோகிராம் கோடுக்கு அது தெரிந்துவிடும். நிஜமாக எறியப் போகிறேனா, பாவலா காட்டுகிறேனா என்பதும் தெரியும். டெஸ்டுக்கு வந்த ஆரம்பப் பதிப்பு (பில்ட்) ஒன்றில் டிஃபென்டர்கள் எந்தப் பாவலாவுக்கும் மசியவில்லை. நிஜ ஷாட்டுக்கு மட்டும் என்னோடு கூடவே எகிறினார்கள். கொஞ்ச நேரத்திலேயே கன்ட்ரோலரைத் தூக்கி வீசத் தோன்றியது.

மனிதர் ஒன்றைக் கண்ணால் பார்த்துக் கையை அசைக்க ஏறக்குறைய கால் நொடி ஆகும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஆட்டத்தில் அது 15 ஃப்ரேம். அந்தத் தாமதத்தைக் கம்ப்யூட்டருக்கும் வேண்டுமென்றே கொடுத்தார்கள். அப்புறம் ஆளுக்கு ஆள் அதை மாற்ற வேண்டியிருந்தது. கூடைக்கு அருகே நிற்கும், பழம் தின்று கொட்டை போட்ட சென்டர் எப்போதாவதுதான் ஏமாறுவார், புதுப் பையன் தோள் அசைந்தாலே குதித்துவிடுவான். புரோகிராமர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் யார், எப்போது, எதற்கு ஏமாறுவது என்பதில்தான்.

ஆடுபவர்களுக்கோ பிளாக் மோகம், எகிறிப் பந்தைத் தட்டிவிட வேண்டும். ஆனால் நின்ற இடத்தில் கையைத் தூக்கி மறைப்பதுதான் பெரும்பாலும் வேலைக்கு ஆகும். அமெரிக்காவின் என்பிஏ லீகை வைத்து வரும் என்பிஏ 2கே கேம் தொடரில் அதற்கு வலது ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்தால் போதும். எறிபவருக்கும் டிஃபென்டருக்கும் நடுவே எவ்வளவு தூரம், மார்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கை எப்போது உயர்ந்தது, உயர வித்தியாசம் என்ன என்று பல கணக்கு ஓடித்தான் ஷாட்டின் வாய்ப்பு குறையும்.

இதில் ஒரு டிக்கெட், அதாவது பிழைப் புகார், நன்றாக நினைவிருக்கிறது. டிஃபென்டர் ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறார், திரையிலோ 'ஓப்பன்', யாரும் மறிக்கவில்லை என்று வருகிறது. ரீப்ளேயை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். இடைவெளி ஒரு கை நீளம்கூட இல்லை. ஆனால் ஸ்கிரீனை (வழியை மறித்து நிற்கும் எதிரணி ஆளை) சுற்றி ஓடி வந்த டிஃபென்டரின் மார்பு பக்கவாட்டுக் கோட்டைப் பார்த்திருந்தது. கை முகத்துக்கு நேரே வந்தபோது பந்து விரலை விட்டுப் போய்விட்டது. புரோகிராமர் கணக்கு சரிதான் என்றார், சரிதான். ஆனால் ஆடுபவர் கண்ணில் பதிவது அந்தக் கடைசிக் காட்சி, முகத்துக்கு முன்னால் விரிந்த கை. கண்ணுக்குப் பொய்யாகத் தெரிந்தால் அதுவும் ஒரு 'பக்', பிழைதான் என்று நான் விடாமல் நின்றேன். கடைசியில் கணக்கைத் தொடவில்லை. கை உயரும் அனிமேஷனைச் சில ஃப்ரேம் முன்னால் தொடங்க வைத்தார்கள், புகாரும் நின்றது.

எங்கள் குழுவை நடத்தும் லீட், காலேஜ் டீமில் கார்டாக, பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நகர்த்துபவராக, ஆடியவர். நான் பந்தைத் துரத்துவதைப் பார்த்துவிட்டு, "பந்தை விடுப்பா, மத்த நாலு பேரையும் பாரு" என்பார். பார்க்க ஆரம்பித்த பிறகுதான் வேலையே பிடித்தது. ஸ்கிரீன் போட்டவர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார் என்று வையுங்கள். மூலையில் நிற்கும் டிஃபென்டர் தன் ஆளை விட்டு உள்ளே வந்து மறிக்க வேண்டும். வந்தால் பந்து மூலைக்குப் போகும். என்பிஏ ஆடுகளத்தில் மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி) கூடையிலிருந்து நடுவில் 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடிதான். ஆக, மூலை லாபமான இடம். எப்போதும் உதவிக்கு ஓடும் கம்ப்யூட்டரிடம் எல்லாரும் மூலைக்கே பாஸ் போட்டு ஜெயிப்பார்கள். உதவிக்கே வராவிட்டால் கூடைக்கு அடியில் ஓடி வந்து எளிதாகப் போடும் லேஅப் ஊர்வலம். மூலையில் நிற்பவர் குறி தவறாதவரா, ஓடி வருபவர் யார், கடிகாரத்தில் எத்தனை நொடி என்றெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். உள்ளே போனவரின் ஆளை இன்னொருவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். எங்கள் பில்டில் இரண்டு பேர் ஒரே ஆளை நோக்கி ஓடி, பாதி வழியில் 'நீ பார்த்துக்கோ' என்பதுபோல் இருவருமே திரும்பிவிடுவார்கள். சிரித்துக்கொண்டேதான் அந்த டிக்கெட்டை எழுதினேன்.

2001-02 சீசனில் என்பிஏ, ஆளுக்கு ஆள் காக்காமல் இடத்தைக் காக்கும் ஜோன் டிஃபென்ஸை அனுமதித்தபோது கூடவே ஒரு கடிவாளமும் போட்டது. யாரையும் கைக்கெட்டும் தூரத்தில் காக்காத டிஃபென்டர் கூடைக்கு முன்னால் உள்ள பெயின்ட் பகுதிக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. எங்கள் சென்டர் விதியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். ஒவ்வொரு முறையும் அதே கணத்தில் ஒரு காலை வெளியே வைத்து உள்ளே இழுப்பார். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, கால் வெளியே போகும் நேரம் பார்த்து நுழைந்தால் லேஅப் நிச்சயம். நேரத்தை முன்பின்னாகக் கலைத்துவிட்டதும் அந்த ஓட்டை அடைபட்டது.

நியாயம் பற்றிப் பேச்சு வந்தால் லீட் 1993-இல் வந்த என்பிஏ ஜாம் கேமைத்தான் இழுப்பார். அதை வடிவமைத்த மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகர். பிஸ்டன்ஸுடன் மோதும் ஆட்டம் நெருக்கமாக இருந்தால், சிகாகோ புல்ஸ் கடைசி நொடியில் எறியும் ஷாட் தவறும்படி கோடில் வைத்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். எனக்கு அது ரசிக்கத்தக்க குறும்பாகத்தான் படுகிறது. இன்றைக்கு யாராவது செய்தால் உரித்துவிடுவார்கள்.

ஆன்லைன் ஆட்டம் தனித் தலைவலி. எதிராளியின் அசைவு என் திரைக்கு வர 50 மில்லி நொடி ஆனாலே 3 ஃப்ரேம் போச்சு. தாக்குபவர் முன்கூட்டியே திட்டமிட்டுவிடலாம். தடுப்பவர் பார்த்த பிறகுதான் அசைய முடியும். தாமதத்தில் அடி வாங்குவது எப்போதும் டிஃபென்ஸ்தான். அதை ஈடுகட்ட, டிஃபென்டரைத் தன் ஆளின் முன்னால் லேசாக இழுத்து நிறுத்தும் உதவி ஒன்று வைத்தார்கள். உடனே தாக்குபவர்களிடமிருந்து, "நான் வெட்டித் திரும்பினாலும் காந்தம் மாதிரி ஒட்டுகிறான்" என்று புகார். தடுப்பவர்களிடமிருந்து, "என் ஆள் என் பேச்சைக் கேட்காமல் தானே நகர்கிறான்" என்று புகார். இரண்டையும் வீடியோவோடு இணைத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் இரண்டு டிக்கெட்டும் ஒரே குறிப்போடு மூடப்பட்டுத் திரும்பின: பிழையல்ல, டிசைன்படி.