சாப்பிட்டுவிட்டு வா, படிக்கலாம்

எங்கள் ஆயாவை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சாப்பாட்டைத்தான் சொல்கிறார்கள். கந்தரப்பம், அரிசி களைந்த நீரில் வைத்த வெண்டைக்காய் மண்டி, நோன்புக்குச் சுட்ட பணியாரம். சின்னாத்தா மட்டும் அளவோடு சொன்னார். வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பது வழக்கம். கோபுரம் எவ்வளவு உயரம் என்று கேட்டால், "நிற்கிற வரைக்கும்" என்பாராம் ஆயா.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் செட்டிநாட்டில் எந்த ஆச்சியைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிடலாம். கருமாதி முடிந்த அன்று மாலை, கோட்டையூர் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பாதி மட்டுமே தெரிந்திருந்த ஆயா வெளியே வந்தார். கடிதம் படித்துக் காட்டிய ஆயா.

1950-களில் எங்கள் தெருவில் ஆண்கள் குறைவு. மலாயாவில், பினாங்கிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும் வட்டிக்கடையில் இருந்தார்கள். போனால் மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் திரும்புவார்கள். அத்தனை பெரிய வீடுகளில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே, பெண்கள்தான் வீட்டையும் நிலத்தையும் முறையையும் பார்த்துக்கொண்டார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயா எட்டாவது வரை படித்தவர். மதியச் சாப்பாடு முடிந்து வளவில், அதாவது நடு முற்றத்தில், வெயில் சாயும் நேரத்தில், நீல நிற விமான அஞ்சல் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். செட்டியார் வீட்டு ஆச்சிகள் மட்டும் அல்ல. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மகனை விட்டிருந்த சலவைக்காரரின் மனைவியும் வருவார். ஆயா படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுப்பார்.

அடுத்த தெருவில் இருக்கும் ஆயாவின் தோழிக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆத்தா, எங்கள் நாத்தனார் கல்யாணத்தில் நான் செலவு அதிகம் செய்துவிட்டேன் என்று அவர் கோபமாக எழுதியிருந்தார். உங்கள் ஆயா முழுவதும் படித்தாள். கடைசியில் 'உடம்பைப் பார்த்துக்கொள், நீ ஒருத்தி எவ்வளவுதான் பார்ப்பாய்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அடுத்த கடிதம் வரும் வரை இருந்தேன்." பல வருடம் கழித்து, அவருடைய பேரன் பெட்டகத்தைக் குடைந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்திருக்கிறான். அந்த வரி அதில் இல்லை. தோழி நேராக ஆயாவிடம் போய்க் கேட்டிருக்கிறார். "அவர் எழுத மறந்துவிட்டார். நான் படித்தேன்" என்றாராம் ஆயா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

என் அம்மான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. படிக்கிறவர் இருப்பதைத்தான் படிக்க வேண்டும், இல்லாததைச் சேர்ப்பது நம்பிக்கை மோசம் என்றார். வாதம் கொஞ்சம் சூடாகவே நடந்தது. பணத்தில் ஆயா ஒரு காசு கூட மாற்றியதில்லை என்று மற்றவர்கள் அடித்துச் சொன்னார்கள். தொகை வந்தால் இரண்டு முறை படித்து, கேட்டவர் திருப்பிச் சொல்லும் வரை விடமாட்டாராம். நான் ஆயாவின் பக்கம்தான். மூன்று வருடம் தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஒரு வரி தேவைப்பட்டது என்பதை எதிரே உட்கார்ந்திருந்தவர் அறிந்திருந்தார். எழுதியவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

சமையலுக்கு உதவியாக இருந்த அக்கா அதுவரை பேசவே இல்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. கடிதத்தை வாங்கியதும் ஆயா முதலில் தனக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். துக்கச் செய்தி என்றால் உடனே படிக்க மாட்டார். "சாப்பிட்டுவிட்டு வா, படிக்கலாம்" என்பார். கேட்ட பிறகு அன்று முழுவதும் எதுவும் இறங்காது என்பதால் அந்த ஏற்பாடு. ஆனால் தெருவுக்கு இது புரிந்துவிட்டது. ஆச்சி இலை போட்டால் விபரீதம் என்று பேச்சு வந்தது. ஒருவர் இலையைப் பார்த்ததுமே அழத் தொடங்கிவிட்டாராம். அன்றிலிருந்து ஆயா எல்லோருக்கும் இலை போட்டார். பிள்ளை பிறந்த செய்தி என்றாலும், சும்மா நலம் விசாரித்த கடிதம் என்றாலும், முதலில் பணியாரமோ இரண்டு வாய்ச் சோறோ. அதன் பிறகுதான் கடிதம். யார் வீட்டுக்கு எது வந்தது என்று முகத்தைப் பார்த்தோ இலையைப் பார்த்தோ யாரும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரே ஆயாவின் சாப்பாட்டை நினைவில் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

காகிதத்தைச் சேர்ப்பதில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. 1992-இல் மறைந்த ரோஜா முத்தையா கோட்டையூரில்தான் தம் சேகரிப்பை வைத்திருந்தார். புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள் வரை சேர்த்தார். அவை இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. ஆயா அதற்கு நேர் எதிர். படித்து முடித்த கடிதத்தை மடித்து உரியவர் கையிலேயே கொடுத்துவிடுவார். அவருடைய டிரங்குப் பெட்டியில் அடுத்தவர் கடிதம் ஒன்று கூட இல்லை. ஈப்போவிலிருந்து ஐயா, எங்கள் தாத்தா, எழுதியவை மட்டும், ஆயாவே ஓலையில் முடைந்த ஒரு கொட்டானில் இருந்தன. அவற்றைச் சின்னாத்தாவிடம் கொடுத்துவிட்டோம்.

ஊருக்காக ஆயா எழுதிய பதில்கள் எல்லாம் மலாயாவுக்குப் போனவை. திரும்பி வந்தவர்களின் பெட்டியோடு சில வந்திருக்கலாம். உங்கள் வீட்டு மேல்மாடியில் அப்படிப் பழைய பெட்டி இருந்தால் ஒரு முறை திறந்து பாருங்கள். மேலே 'சிவமயம்' என்று இருக்கும். எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், எழுதச் சொன்னவரின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். கிடைத்தால் எனக்குத் தெரிவியுங்கள். உள்ளே இருக்கும் செய்தி எனக்கு வேண்டாம், அதை மடித்தே வைத்திருங்கள். மேலே இருக்கும் தேதியும் ஆயாவின் எழுத்தில் ஒரு வரியும் பார்த்தால் போதும்.